அம்மாச்சியின் ஆறு சேலையில் பாப்பாவுக்கு ஒட்டுப்போர்வை: வரிசைக்கு ஒரு நீளம் வருகிறது, என்ன செய்ய?

பாபின்_தீர்ந்துபோச்சு:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன், இப்போது மாட்டிக்கொண்டதால் எழுதுகிறேன்.

என் தங்கச்சிக்கு இது ஏழாம் மாசம். போன வருஷம் எங்கள் அம்மாச்சி தவறிப்போனார்கள். அவர்கள் பீரோவில் இருந்த சேலைகளில் ஆறு என் பங்குக்கு வந்தது. "அக்கா, இதை வெட்டிப் பாப்பாவுக்கு ஒரு போர்வை தை, ஆறு சேலையும் அதில் தெரியணும்" என்றாள் தங்கச்சி. வாயும் வயிறுமாக இருக்கிறவள் கேட்கிறாளே என்று தலையை ஆட்டிவிட்டேன். ப்ளவுஸ், சுடிதார், தலையணை உறை எல்லாம் தைப்பேன், ஒட்டுப்போர்வை மட்டும் இதுதான் முதல் தடவை.

சேலைகள்: சின்னாளப்பட்டிச் சுங்குடி இரண்டு (ஒன்று அரக்கு, ஒன்று பாட்டில் பச்சை), கடுகு நிறத்தில் பெரிய கட்டம் போட்ட செட்டிநாட்டுக் கண்டாங்கி, நீலத்தில் ஒரு நெகமம், சின்னப் பூப்போட்ட வெள்ளை வாயில் (மெல்லிசான வாயில் துணிச் சேலை), அப்புறம் ஊதாவும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் வெளுத்துப்போன ஒரு நூல் சேலை. எல்லாமே பருத்திதான்.

5 இஞ்ச் சதுரமாக வெட்டி, அகலத்துக்கு 8, நீளத்துக்கு 10, மொத்தம் 80 என்று கணக்குப் போட்டேன். தையலுக்குக் கால் கால் இஞ்ச் போனால் சதுரம் நாலரைக்கு வரும், ஆக 36க்கு 45. அட்டையில் ஒரு அளவு வெட்டி வைத்து, சாக்பீஸில் கோடு போட்டுக் கத்தரிக்கோலால் வெட்டினேன். முந்திதான் அழகாக இருந்தது என்பதால் எல்லாச் சேலையிலும் முந்தியிலிருந்தே வெட்டினேன். நாலு வரிசை தைத்தாச்சு. நேற்று ராத்திரி நாலையும் கட்டிலில் போட்டு டேப் வைத்தால் ஒன்று 35½, ஒன்று 36, ஒன்று 36½, வாயில் அதிகம் வருகிற வரிசை 37. மூலைக்கு மூலை சேரவே இல்லை, படிக்கட்டு மாதிரி இறங்குகிறது.

அது போதாதென்று அரக்குச் சுங்குடி பக்கத்தில் இருந்த வெள்ளை வாயிலில் சாயத்தை இறக்கிவிட்டது. வெட்டுவதற்கு முன்னால் துவைக்கவில்லை (திட்டாதீர்கள், பீரோவில் சுத்தமாகத்தானே இருந்தது என்று விட்டுவிட்டேன்). இஸ்திரி போடும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன், அவ்வளவுதான், ரோஸ் நிறத்தில் ஒரு கீற்று.

இன்னொரு வருத்தமும் இருக்கிறது. தள்ளி நின்று பார்த்தால் மொத்தமும் இருட்டாக இருக்கிறது. பாப்பா போர்வை மாதிரியே இல்லை, கல்யாண வீட்டு ஜமுக்காளம் மாதிரி இருக்கிறது.

நாலு வரிசையையும் பிரிக்க வேண்டுமா, இல்லை கொஞ்சம் இழுத்துப் பிடித்துத் தைத்தால் சரிக்கட்டிவிடலாமா? மிஷின் பழைய கால் மிஷின், மோட்டார் வைத்தது.

கரூர்க்காரி:

இழுத்துப் பிடித்து மட்டும் தைத்துவிடாதே கண்ணு. இழுத்த இடம் முதல் துவையலிலேயே தன் பழைய அளவுக்குப் போய்விடும், போர்வை நடுவில் அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். நான் இருபது வருஷத்துக்கு மேலாகப் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் தைக்கிற கம்பெனியில் வேலை பார்த்தவள், இந்த உப்பலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது.

முதலில் கணக்கைப் பார். 8 சதுரம் சேர்த்தால் ஏழு தையல். 40 இஞ்சில் ஏழு அரை இஞ்ச் போக வரிசை 36½ வர வேண்டும். ஆசாரி கணக்கில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். கால் இஞ்ச் என்பது இரண்டு நூல். நீ இரண்டு நூலுக்குப் பதில் இரண்டரை நூல் உள்ளே தள்ளித் தைத்தால் ஒரு தையலுக்கு அந்தப் பக்கம் அரை, இந்தப் பக்கம் அரை, ஆக ஒரு நூல் போச்சு. ஏழு தையலுக்கு ஏழு நூல், கிட்டத்தட்ட ஒரு இஞ்ச். உன் 35½ அங்கேதான் காணாமல் போயிருக்கிறது. கண்ணுக்கே தெரியாத அரை நூல்தான், ஆனால் ஏழு தடவை திருடுகிறது.

ப்ளவுஸ் தைக்கிறவர்கள் எல்லாரும் பண்ணுகிற தப்புதான் இது, துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் பாதத்தின் ஓரத்தையே அளவாக வைத்துக்கொள்வோம். நிறைய மிஷினில் பாதத்தின் ஓரம் ஊசியிலிருந்து கால் இஞ்சுக்கு மேலேயே இருக்கும். ஊசியைக் கீழே இறக்கி வைத்து, அங்கிருந்து ஸ்கேலில் கால் இஞ்ச் பார்த்து, தகட்டின் மேல் பிளாஸ்திரியோ செலோ டேப்போ நாலு மடிப்பு கெட்டியாக ஒட்டு. துணி அதில் இடித்துக்கொண்டு போகட்டும். சோதனைக்கு ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் தைத்துப் பார், நடுப்பட்டை சரியாக ஒரு இஞ்ச் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டேப்பை நகர்த்து. நின்ற பிறகுதான் அம்மாச்சி சேலையைத் தொடணும்.

37 வந்தது வேறு கதை. அது வாயில் செய்கிற வேலை. பழைய வாயிலுக்கு முதுகெலும்பே கிடையாது, கையில் எடுத்தாலே நீளும், கத்தரிக்கோல் போகும்போதே நகரும். கண்டாங்கி கெட்டி நூல், அசையாது. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் மிஷினில் துணிக்குக் கீழே இருக்கிற பல் ஒன்றை இழுக்கும், ஒன்றை விடும். இதற்கு வெளியில் எங்கும் மருந்து தேட வேண்டாம், நம் வீட்டிலேயே இருக்கிறது: கஞ்சி. வாயில், நூல் சேலை, சுங்குடி மூன்றையும் வெட்டுவதற்கு முன்னால் கெட்டியாகக் கஞ்சி போடு. ஜவ்வரிசிக் கஞ்சி நல்லது, சோறு வடித்த கஞ்சியும் சரிதான், வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள், பருக்கை ஒட்டினால் இஸ்திரிப் பெட்டியில் கருகும். நிழலில் காயவைத்துத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைத்து இஸ்திரி போட்டால் காகிதம் மாதிரி நிற்கும். அப்புறம் சாக்பீஸ் கோடும் நகராது, துணியும் நீளாது. எல்லாம் முடிந்து ஒரு தடவை துவைத்தால் கஞ்சி போய்விடும்.

தைத்ததைப் பிரித்துக்கொண்டு உட்காராதே. 45 இஞ்ச் அகலச் சேலையில் குறுக்கே ஒரு பட்டைக்கு 9 சதுரம் கிடைக்கும். ஆறு சேலைக்கு 80 சதுரம் என்றால் சேலைக்கு 13 அல்லது 14, அதாவது இரண்டு பட்டை, 10 இஞ்ச். ஒரு முழம்கூட இல்லை. இன்னும் அஞ்சு மீட்டர் பாக்கி வைத்துக்கொண்டு நைந்த துணியில் தையல் பிரித்து ஏன் ஓட்டை போடுகிறாய், புதுசாக வெட்டு. ஆனால் முந்தியைத் தொடாதே. சேலையில் உள்ளே சொருகுகிற நுனி இருக்கிறதே, அதுதான் வெளுக்காமல் இருக்கும், அங்கிருந்து எடு. எடுத்ததும் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார். நூல் சன்னமாகி வெளிச்சம் பொடிப்பொடியாகத் தெரிகிற இடத்தைத் தள்ளிவிடு, அது இரண்டு துவையல் தாங்காது.

ஸ்காபரோ_தையல்:

வணக்கம் பிள்ளை. நான் யாழ்ப்பாணம், கனடா வந்து கனகாலம். இங்கே வந்த பிறகுதான் குயில்ட், அதுதான் ஒட்டுப்போர்வை, தைக்கப் பழகினேன், பேரப்பிள்ளைகளுக்கென்று ஏழு தைத்துவிட்டேன். முதலாவதை யாருக்கும் காட்டுவதில்லை.

கரூர் அக்கா சொன்ன கஞ்சி விஷயம் முழு உண்மை. இங்கே அதையே போத்தலில் அடைத்து ஸ்பிரே என்று விற்கிறார்கள், நாங்களும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

நான் நிறத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் சீலைகள் ஆறும் வேறு வேறு நிறம் என்று நினைக்கிறீர்கள். ஃபோனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கோ. அரக்கு, பாட்டில் பச்சை, நீலம் மூன்றும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். கடுகு அதற்கு ஒரு படி மேலே. வாயில் மட்டும் வெளிச்சமாக இருக்கும். ஒட்டுவேலையில் கண்ணுக்குக் கோலம் தெரிவது நிறத்தால் இல்லை, வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வருவதால்தான். உங்களிடம் இருட்டு நாலு பங்கு, வெளிச்சம் ஒரு பங்கு. அதுதான் ஜமுக்காளம்.

ஆகவே வெளிச்சமான துணி ஒன்று வெளியிலிருந்து வர வேண்டும். ஒரு சதுரம் சீலை, ஒரு சதுரம் வெறும் வெள்ளை அல்லது பால் நிறம், சதுரங்கப் பலகை போல. அப்படி வைத்தால் சீலைச் சதுரம் 40 தான் வேண்டும், அதில் வாயில்கூட இருட்டுப் பக்கத்தில்தான் நிற்க வேண்டிவரும், பூப்போட்டதால் சமாளித்துவிடும். ஒவ்வொரு சீலையும் தனித்தனியாக வடிவாகத் தெரியும். என் சிநேகிதி ஒருத்தி தன் தாயின் சீலைகளில் தைத்தபோது எல்லாவற்றையும் நெருக்கமாகப் போட்டுவிட்டு, கடைசியில் "எது எந்தச் சீலை என்றே தெரியவில்லை" என்று அழுதாள்.

மூலை சேருவதற்கு ஒரு வழி இருக்கிறது. முதல் வரிசையின் தையல் மடிப்பு எல்லாவற்றையும் வலப்பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கோ, இரண்டாம் வரிசையை இடப்பக்கம், மூன்றாவது திரும்ப வலம். பிறகு இரண்டு வரிசையை முகத்தோடு முகம் வைத்துத் தையல் வருகிற இடத்தை இரண்டு விரலால் உரசிப் பார்த்தால், ஒரு மடிப்பு மற்றதன் பக்கத்தில் போய் இடித்து நிற்கும், விரலுக்கே தெரியும், கொளுவிக்கொண்டது போல. அந்த இடத்தில் குண்டூசி குத்துங்கோ, மற்ற இடத்தில் குத்தாவிட்டாலும் பரவாயில்லை. பெட்டியை இழுத்துத் தேய்க்காதேங்கோ, மேலிருந்து வைத்து எடுங்கோ. தேய்த்தால் சதுரம் ரொட்டி போல நீண்டுவிடும்.

ஹூப்ளி_தமிழன்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும், எனக்கு இதில் மாற்றுக் கருத்து. சேலையை எதற்கு 5 இஞ்சாக நறுக்கி, அப்புறம் அதையே கால் இஞ்ச் கால் இஞ்சாகத் திரும்பச் சேர்க்க வேண்டும்? பழைய துணியை நறுக்கினால் ஓரமெல்லாம் நூல் பிரியும், தையல் இருக்கிற இடத்தில்தான் முதலில் கிழியும்.

நான் இருக்கிற வட கர்நாடகத்தில் கௌதி என்று ஒன்று தைக்கிறார்கள். பழைய சேலைகளை அடுக்கடுக்காகப் போட்டு, மேலே கிடைத்த துண்டுகளை வைத்து, வெறும் ஓட்டுத் தையல்தான், கையால். மிஷின் கிடையாது, டேப் கிடையாது. என் வீட்டுக்கார அம்மா மத்தியானம் வாசலில் விரித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஒரு ஓரத்தில் ஊசியோடு உட்கார்ந்துவிடுவார்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் சித்தி மக்கள் இருக்கிறார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வம்சம். அவர்கள் செய்கிற கவந்தி இன்னும் அழகு. அடியில் ஒரு சேலையை விரித்து, வெளி ஓரத்தில் ஒரு மூலையில் துண்டை வைத்து ஓரத்தை மடித்துத் தைக்க ஆரம்பிப்பார்கள், அடுத்த துண்டு, அடுத்த துண்டு என்று சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிப்பார்கள். நாலு மூலைக்கும் துணியை முக்கோணமாக மடித்துப் புலா என்று வைப்பார்கள், பூ என்று அர்த்தம். குழந்தைகளுக்கென்றே சின்ன அளவிலும் செய்கிறார்கள். எந்தத் துண்டும் எந்தத் துண்டோடும் சரியாகச் சேர வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் பார்க்கப் பார்க்கக் கண் எடுக்க முடியாது.

நம் பக்கமும் பிறந்த பிள்ளையைப் பழைய வேட்டியிலும் சேலையிலும்தானே சுற்றினார்கள், யார் டேப் வைத்து அளந்தார்கள்?

கரூர்க்காரி:

தம்பி, கௌதி அழகுதான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் கையால் அத்தனை தையல் போட எத்தனை நாள் ஆகும் என்று உங்கள் வீட்டுக்கார அம்மாவைக் கேளுங்கள். இந்தப் பெண்ணுக்கு இரண்டு மாசம்தான் இருக்கிறது, தனி ஆள், பகலில் வேலைக்கு வேறு போவாள் போலிருக்கிறது, எழுதுகிற நேரத்தைப் பார்த்தால் தெரிகிறது. தையல் இடத்தில் கிழியும் என்றீர்களே, அது நியாயமான பேச்சு. அதற்குத்தான் ஸ்காபரோ அம்மா சொன்ன வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொள்கிறேன்.

கண்ணு, அந்த வெள்ளைக்குக் காடாத் துணி வாங்கு. ஒன்றரை மீட்டர் தாராளம். வெளிச்சத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஒரு சதுரம் சேலை, ஒரு சதுரம் காடா என்று மாற்றி மாற்றி வந்தால், நைந்த சேலைத் துண்டு ஒவ்வொன்றுக்கும் நாலு பக்கமும் புதுத் துணி பிடிமானமாக நிற்கும். வாயிலும் வாயிலும் எங்கேயும் சேராது. நீளுகிறதை நீளாதது பிடித்துக்கொள்ளும், வரிசை அளவும் ஒழுங்குக்கு வந்துவிடும். ஒன்று மட்டும், காடா நன்றாகச் சுருங்கும். வெந்நீரில் இரண்டு தடவை ஊறவைத்து அலசிக் காயவைத்த பிறகுதான் கத்தரிக்கோல் வைக்கணும், இல்லாவிட்டால் போர்வை துவைத்த அன்றைக்குச் சேலைத் துண்டெல்லாம் கொசகொசவென்று சுருங்கி நிற்கும்.

அரக்குச் சுங்குடி: தனியாக ஊறவை, தண்ணீர் தெளிவாக வருகிற வரை அலசு. உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்று யாராவது வந்து சொல்வார்கள். உப்பு உதவுவது சாயத் தொட்டியில், சாயம் ஏறுகிற நேரத்தில். ஏறி வருஷக்கணக்கான சாயத்தை அது கட்டிப்போடாது. அலசிக் காய்ந்ததும் ஈரமான வெள்ளைக் கைக்குட்டையை மேலே வைத்துச் சூடாக இஸ்திரிப் பெட்டியை அழுத்து. கைக்குட்டையில் நிறம் ஏறினால் இன்னும் அலசு. அஞ்சாறு தடவைக்குப் பிறகும் ஏறினால் அந்தச் சேலை போர்வையின் மேல்பக்கம் வேண்டாம், பாப்பா வாயில் வைத்துச் சப்பும்.

திருச்சி_சிஸ்டர்:

தையல் பற்றி எனக்குத் தெரியாது, பிரசவ வார்டில் வேலை, அதனால் இரண்டே விஷயம்.

பீரோ சேலை என்கிறீர்கள். அந்துருண்டை போட்டு வைத்திருந்தார்களா? போட்டிருந்தால் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கிற குழந்தைகள் உண்டு, வெளியில் பார்த்தால் தெரியாது. அந்துருண்டையில் இருக்கிற நாஃப்தலீன் அந்தக் குழந்தைகளுக்குச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். வாயில் போட வேண்டும் என்றுகூட இல்லை, அந்துருண்டை வாசனையோடு இருக்கிற துணியில் சுற்றிவைத்ததே போதும், அப்படி நடந்திருக்கிறது. நாஃப்தலீன் காற்றில் ஆவியாகப் போகிற பொருள். சேலைகளைப் பிரித்துக் கொடியில் போட்டு நாள்கணக்கில் காற்றாட விடுங்கள், துவையுங்கள், மறுபடி காயவையுங்கள், மூக்கில் வைத்தால் வாசனை துளியும் வராத வரைக்கும். தைத்து முடித்த போர்வையைத் திரும்ப அந்துருண்டை போட்டு எடுத்துவைக்கவும் வேண்டாம்.

அப்புறம், போர்வை என்று பேர் இருந்தாலும் ஒரு வயது வரை தூங்குகிற பிள்ளை மேல் போர்த்தாதீர்கள். தூங்குகிற இடத்தில் தளர்வான போர்வை, தலையணை, மெத்தென்ற பொம்மை எதுவும் வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்கள் சொல்வது. மூக்கில் மூடினால் தள்ளிவிட அதற்குத் தெரியாது. முழித்திருக்கும்போது தரையில் விரித்துக் குப்புறப் போட்டு விளையாடவிடுங்கள், அதற்கு இது அருமையாக இருக்கும். ஜரிகை, கண்ணாடி, பட்டன், குஞ்சலம் ஒன்றும் வேண்டாம்.

பாபின்_தீர்ந்துபோச்சு:

அய்யோ சிஸ்டர். பீரோவைத் திறந்தாலே அந்துருண்டை வாசம்தான், அம்மாச்சி வாசமே அதுதான் எங்களுக்கு. சேலையை மூக்கில் வைத்து மோந்துகொண்டே இத்தனை நாள் தைத்தேன். இன்றைக்குக் காலையில் ஆறையும் மொட்டை மாடியில் கட்டிவிட்டேன். வாட்ச்மேன் அண்ணன் "வீட்டில் விசேஷமா" என்று கேட்கிறார்.

ஹூப்ளி அண்ணா, நீங்கள் சொன்னது மனசுக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அவ்வளவு கைத்தையலுக்கு என்னிடம் நாளும் இல்லை, பொறுமையும் இல்லை.

கரூர் அக்கா, ஸ்காபரோ ஆன்ட்டி, மேல்பக்கம் புரிந்துவிட்டது. நடுவில் என்ன வைப்பது, அடியில் எது? இங்கே ஒரு கடையில் பாலியெஸ்டர் பஞ்சு ஷீட் தருகிறேன் என்றார்கள். சென்னை வெயிலில் பாப்பா வெந்துவிடாதா? ஓரம் அடிக்கக் கிராஸ் பீஸ்தான் (சாய்வாக வெட்டின பட்டை) வேண்டுமா?

ஸ்காபரோ_தையல்:

இங்கே குளிர், நாங்கள் நடுவில் பருத்திப் பஞ்சு வைக்கிறோம். உங்களுக்கு வேண்டாம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டி ஒன்றை இரண்டாக மடித்துப் போடுங்கோ, தரையில் விரிக்க அது காணும்.

மூன்றையும் சேர்க்கும்போது அவசரப்படாதேங்கோ, என் முதலாவது குயில்ட் பாழானது இந்த இடத்தில்தான். அடித்துணியை எல்லாப் பக்கமும் 2 இஞ்ச் பெரிதாக எடுத்து, நல்ல பக்கம் கீழே வர, தரையில் விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கோ, தளர்வாக இருக்கக்கூடாது, இழுபடவும் கூடாது. மேலே வேட்டி, அதற்கு மேலே ஒட்டுத்துணி. நடுவிலிருந்து வெளியே கையால் நீவி விடுங்கோ. பிறகு சேஃப்டி பின், நடுவிலிருந்து ஆரம்பித்து, எங்கே உங்கள் கையைப் பொத்தி வைத்தாலும் ஒரு பின்னாவது அகப்படுகிற நெருக்கத்தில். கனக்க வேண்டும், நூறுக்குக் கிட்ட வாங்கி வையுங்கோ. வேலை முடிந்ததும் எண்ணிப் பாருங்கோ, ஒன்று குறைந்தால் தேடி எடுக்காமல் பிள்ளையிடம் கொடுக்கக்கூடாது.

கரூர்க்காரி:

அடித்துணிக்குக் கடைக்கே போகாதே. அந்த வெளுத்த நூல் சேலை இருக்கிறதே, அதை மட்டும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்துக்கொள். அடிக்கு 40க்கு 49 வேண்டும். சேலை அகலம் 45, 46 இருக்கும், ஒட்டே இல்லாமல் ஒரே துண்டில் வந்துவிடும்.

ஓரப் பட்டையும் அதிலேயே. நாலு பக்கத்துக்கும் 36, 45, 36, 45 ஆக 162 இஞ்ச், மூலை மடிப்புக்கும் முடிச்சுக்கும் ஒரு 12 சேர்த்துக்கொள், 174. சேலை அஞ்சரை மீட்டர் என்றால் 216 இஞ்ச். வெட்டுவதற்கு முன்னாலேயே நீளவாக்கில் இரண்டரை இஞ்ச் பட்டை ஒன்று கிழித்துவிட்டால் சுற்றிலும் ஒரு ஒட்டுக்கூட வராது, மீதி அகலத்தில் அடித்துணி. கடையில் மீட்டர் துணி வாங்கித் தைக்கிறவர்களுக்கு இது கிடைக்காது. நேர் ஓரத்துக்குக் கிராஸ் பீஸ் வேண்டவே வேண்டாம், அது கழுத்து வளைவுக்கு. பட்டையை இரண்டாக மடித்து, வெட்டு ஓரத்தை மேல்பக்கம் வைத்து மிஷினில் அடி, மடிப்பைப் பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங் போடு. கரை ஜரிகையாக இருந்தால் தள்ளிவிட்டுக் கிழி.

நடுத்தையல் மிஷினில் போட முயற்சி பண்ணாதே, கால் மிஷினில் மூன்று அடுக்கும் ஒன்றாக ஓடாது, மேல்துணி முன்னால் தள்ளிக்கொண்டே போகும். அதை மட்டும் கையால் போடு. சேலைச் சதுரத்துக்கு உள்ளே, தையலிலிருந்து கால் இஞ்ச் தள்ளி, சுற்றி ஒரு ஓட்டுத் தையல். நாற்பது சதுரம்தான். ஹூப்ளித் தம்பிக்கும் சந்தோஷம்.

ஹூப்ளி_தமிழன்:

சந்தோஷம்தான் அக்கா. மூலையில் நாலு புலாவும் வைத்துவிட்டால் இன்னும் சந்தோஷம். முக்கோணமாக மடித்த துணி ஓரத் தையலுக்குள் மாட்டிக்கொள்ளும், குஞ்சலம் மாதிரித் தொங்காது, சிஸ்டரும் ஒத்துக்கொள்வார்.

பாபின்_தீர்ந்துபோச்சு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், பதில் போட முடியவில்லை, மன்னிக்கணும்.

டேப் ஒட்டி மூன்று பட்டை சோதனை செய்தேன். முதல் தடவை நடுப்பட்டை முக்கால் இஞ்சுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அடப்பாவி, இத்தனை வருஷம் என் ப்ளவுஸ் எல்லாம் ஏன் இறுக்கமாக இருந்தது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. டேப்பை இரண்டு தடவை நகர்த்தியதும் சரியாக ஒரு இஞ்ச் நின்றது.

சேலைகளுக்கு வாசனை போக ஒன்பது நாள் ஆனது. அரக்குச் சுங்குடி எட்டு தடவை அலசியும் கைக்குட்டையில் ரோஸ் விட்டுக்கொண்டேதான் இருந்தது. அதை எடுத்துவிட்டேன் என்று தங்கச்சியிடம் சொல்ல ஒரு நாள் தள்ளிப்போட்டேன், ஏனென்றால் அதுதான் அம்மாச்சி தீபாவளிக்குக் கட்டுவது. சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அப்படின்னா அதை அறுக்காமல் அப்படியே வை, நான் எடுத்துக்கறேன்" என்றாள். மேல்பக்கத்துக்கு மீதி அஞ்சு சேலை, ஆளுக்கு எட்டு, காடா 40. கஞ்சி போட்ட வாயில் முறுக்கு மாதிரி இருந்தது, வெட்டும்போது சத்தம் கேட்டது.

பத்து வரிசையும் தைத்து அளந்தேன். ஏழு வரிசை நேராக 36½. இரண்டு ஒரு நூல் குறைவு. ஒன்று மட்டும் இரண்டு நூல் அதிகம், அதைத் தொடவில்லை, வரிசையோடு வரிசை சேர்க்கும்போது நாலு மூலைக்கும் குண்டூசி குத்தி இடைவெளியில் பரப்பிவிட்டேன், தெரியவில்லை. ஒரே ஒரு மூலை மட்டும் சேரவில்லை, கண்டாங்கிக்குப் பக்கத்தில். பிரிக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், அம்மா வந்து "போதும் விடுடி" என்று ஊசியைப் பிடுங்கிவிட்டார்கள்.

ஃபோனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தேன் ஆன்ட்டி, நீங்கள் சொன்னது போலவே வாயில் மட்டும் கொஞ்சம் காடாவோடு கலந்துவிட்டது. அந்த எட்டுச் சதுரத்தில் மட்டும் ஓட்டுத் தையலை அரக்கு நூலில் போடலாம் என்று இருக்கிறேன். புது நூல்தான், சாயம் போகிறதா என்று ஊறவைத்திருக்கிறேன்.

நெகமம், கண்டாங்கி, பச்சைச் சுங்குடி, வாயில் நாலும் இன்னும் அஞ்சு மீட்டருக்கு மேல் முழுசாகக் கையில் இருக்கிறது. தூளிக்கு எது நல்லது என்று அம்மாவும் சித்தியும் இப்போதே சண்டை. கரூர் அக்கா, கண்டாங்கி தாங்கும்தானே?

கரூர்க்காரி:

தாங்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, இரட்டையாக மடித்துக் கட்டு. முந்தியில் வெட்டின ஓரத்தை முதலில் மடித்துத் தைத்துவிடு, நூல் பிரிந்துகொண்டே வரும்.